சாறன் துணியில் ஒரு மேற்சட்டை

வீட்டில் தைக்கும் மேற்சட்டைகளில் மிக எளியது, வளைவுகள் அநேகமாக இல்லாத சட்டை. தோளில் மடிந்து முன்னும் பின்னும் தொங்கும் ஒரு நீளத் துண்டு, பக்கத்துக்கு ஒரு கைத்துண்டு, கமக்கட்டில் பொருத்த இரண்டு சிறு சதுரங்கள், கழுத்துக்கு ஒரு திறப்பு. இவ்வளவுதான் அது. மலாய்ப் பெண்களின் பாஜு குருங் இந்த முறையில் உருவானது. அதன் கமக்கட்டில் வைக்கும் துண்டுக்குக் கெகெக் என்று தனிப்பெயரே உண்டு. மலபார் மாப்பிள்ளைப் பெண்களின் தளர்ந்த, நீளக் கைக் குப்பாயமும் இதற்குத் தூரத்து உறவு. உடலை மூடவும் வேண்டும், காற்றை மறிக்கவும் கூடாது என்ற இரு தேவைகளும் ஒன்றாக எழுந்த வெப்பக் கரைகளில் இத்தகைய சட்டைகள் நிலைத்தன. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே நீளும், கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களிலும் அதே இரு தேவைகள் உள்ளன. அவற்றை நிறைவேற்றக்கூடிய துணியும் அங்கேயே நெய்யப்படுகிறது. ஆனால் அந்தத் துணி சாறனாகவும் சேலையாகவும் போகும் அளவுக்கு மேற்சட்டையாவதில்லை.

இந்தக் கரையின் வெக்கை ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு நவம்பர் தொடங்கித் தை வரை கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசத் தொடங்கும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று மலைநாட்டின் மறுபுறத்தில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடேறிக் காய்ந்துபோய் வந்து சேர்கிறது. கச்சான் அடிக்கும் பகலில் வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்தால் நிலைமை மாறும். காற்றில் ஈரம் கூடி, வியர்வை ஆவியாக மறுத்து, துணி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே நாளில் இந்த இரண்டு வெயிலுக்கும் ஈடுகொடுப்பதே நல்ல சட்டை.

துணியைத் தேர்வதில்தான் சட்டையின் பாதித் தலைவிதி தீர்ந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தின் நியம நிலையில் (20 பாகை செல்சியஸ், 65 விழுக்காடு ஈரப்பதன்) பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8.5 விழுக்காடு ஈரத்தை இழைக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். லினன் 12 விழுக்காட்டளவு வாங்கும். பொலியெஸ்டர் வாங்குவது 0.4 விழுக்காடுதான். கல்முனைக் கடைகளில் மலிவாகவும் கசங்காமலும் கிடைக்கும் பொலியெஸ்டர் துணியில் தைத்த சட்டை, கண்ணாடிமுன் எவ்வளவு அழகாக நின்றாலும், அடுப்படியில் அரை மணிநேரம் தாங்காது. ஆனால் பருத்தி என்ற பெயர் மட்டும் போதாது. தடித்த, நெருக்கமாக நெய்த பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு மாலைவரை ஈரமாகவே கிடக்கும். வெயிலுக்கு வேண்டியது மெல்லிய நூலில், சற்று இடைவெளிவிட்டு நெய்த பருத்தி. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழைகளுக்கிடையே ஊசித்துளை அளவு ஒளி தெரிய வேண்டும். உருவம் தெரியக் கூடாது. இந்த ஒரு சோதனை கடைக்காரர் சொல்லும் பெயர்கள் எல்லாவற்றையும்விட நம்பகமானது.

நூலின் மென்மையை நம்பரால் சொல்வார்கள். ஒரு இறாத்தல் எடையில் 840 யார் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை நிற்கின்றனவோ, அதுவே நம்பர். ஆகவே நம்பர் ஏறஏற நூல் மெலிகிறது. 20ஆம் நம்பரில் நெய்தது விரிப்புக்கும் திரைக்கும் ஆகும். மேற்சட்டைக்கு 40க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது; 60உம் 80உம் கோடைக்கு மிக நல்லவை.

இங்கே மருதமுனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்முனைக்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில், கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் அருகே அமைந்த இந்த ஊரின் கைத்தறிச் சாறனும் சேலையும் நாடறிந்தவை. 1970க்கும் 1977க்கும் இடையில் துணி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர்த் தறிகளுக்கு ஓயாத வேலை இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டு மில் துணி கடைகளை நிறைத்தது. கைத்தறி விலையில் அதனோடு போட்டியிட முடியாமல் பின்வாங்கியது. போர்க்காலம் நூலும் சாயமும் வந்துபோகும் வழிகளை மறித்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையில் எத்தனையோ உயிர்களோடு வீடுகளையும் தொழிற்கருவிகளையும் கொண்டுபோனது. இலங்கையில் மிக அதிக உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை. இத்தனைக்குப் பிறகும் மருதமுனையில் தறி ஓடுகிறது. இலங்கையில் பருத்தி விளைச்சல் மிகச் சிறிது என்பதால் நூல் வெளியிலிருந்து, பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, வர வேண்டும். ரூபாய் சரியும்போதெல்லாம் அந்தச் சரிவு முதலில் பாவு நூலில்தான் தெரியும். 2022இல் நடந்ததும் அதுதான்.

கைத்தறித் துணி விலை கூடியது என்பது உண்மை. ஆனால் மேற்சட்டை தைப்பவருக்கு அந்த விலையை நியாயப்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. மூட்டாத சாறன் துணி ஏறத்தாழ 2 மீற்றர் நீளம் இருக்கும். அதை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டபின் 76 இஞ்சி நீளமும் 46 இஞ்சி அகலமும் மிஞ்சுகிறது என்று கொள்ளலாம். ஊறவைப்பதைத் தவிர்க்கவே கூடாது. நூற்றுக்கு நான்கு சுருங்கினாலே 36 இஞ்சி நீளச் சட்டை முதற் கழுவலில் ஒன்றரை இஞ்சி குறைந்துவிடும்.

மார்புச்சுற்று 38 இஞ்சி உள்ள ஒருவருக்கு, உடலோடு ஒட்டாமல் காற்று உலவ 6 இஞ்சி கூட்டினால் 44. முன்பக்கம் 22, பின்பக்கம் 22. இரு ஓரங்களிலும் தையலுக்கு ஒவ்வோர் இஞ்சி விட்டால் 24 இஞ்சி அகலமான துண்டு வேண்டும். துணியின் அகலத்தில் 24 இஞ்சியை நீளவாட்டில் பிரித்தெடுத்து, 76 இஞ்சி நீளத்தை நடுவில் மடித்தால் முன்னும் பின்னும் 38 இஞ்சி வீதம் தொங்கும். கீழோரம் மடித்துத் தைத்தபின் 36 இஞ்சி நீளச் சட்டை கிடைக்கும். தோளில் மூட்டுத் தையலே இல்லை. மிச்சம் 22 இஞ்சி அகலமும் 76 இஞ்சி நீளமும் கொண்ட ஒரு பட்டை. அதில் 20 இஞ்சி வீதம் இரண்டு கைத்துண்டுகள் எடுத்தாலும் 36 இஞ்சி மீந்திருக்கும். அதிலிருந்து 20 இஞ்சிச் சதுரம் ஒன்று கழுத்துப் பட்டைக்குப் போகும். எஞ்சிய துண்டிலிருந்து கமக்கட்டுக்கு 5 இஞ்சிச் சதுரங்கள் இரண்டும் ஒரு பையும் வந்துவிடும். குப்பைக்குப் போவது கழுத்தை வெட்டிய சிறு துண்டும் சில நறுக்குகளுமே. ஒரு நெசவாளர் பகலெல்லாம் இழைஇழையாகச் சேர்த்த துணியில் ஒரு சாண்கூட வீணாகாத வெட்டு இது. அந்த உழைப்புக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிட வேறில்லை.

உடல் பருத்தவர்களுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு இடம் தரும். மார்பு 44 என்றால் உடல் துண்டு 27 இஞ்சியாகும், கைப்பட்டை 19ஆகக் குறையும். ஆனால் உடல் துண்டு அகன்றதும் அதன் ஓரம் தோளைத் தாண்டி மேற்கையில் இன்னும் இறங்கி நிற்கும். கைத்துண்டு குறைந்த அளவில் பாதியை அது ஈடுசெய்துவிடும். அளந்து வெட்டிய வளைவுக் கைக்குழியில் இந்த வசதி கிடையாது.

கைக்கு நேர்ச் செவ்வகம் ஏன் என்ற கேள்விக்கு விடை கமக்கட்டுத் துண்டில் இருக்கிறது. நேராகத் தைத்த கையை உயர்த்தினால் சட்டையின் பக்கம் முழுவதும் மேலே இழுபடும். கூரையில் கயிறு கட்டுபவருக்கும் கொடியில் துணி காயப்போடுபவருக்கும் இடுப்பு தெரியும். 5 இஞ்சிச் சதுரத்தை மூலைவாட்டில் திருப்பிப் பொருத்தினால், கை உயரும்போது அது விரிந்து கொடுக்கும், இறங்கும்போது மடிந்துகொள்ளும். துணி முதலில் நைந்துபோகும் இடமும் கமக்கட்டுதான். சதுரம் நைந்தால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம், சட்டை தப்பிவிடும்.

கையின் நீளமும் வாயும் இந்த ஊர்களில் தனிக் கவனம் பெற வேண்டியவை. நாளில் ஐந்து தொழுகைக்கும் வுழூச் செய்யும் ஒருவர் முழங்கைவரை கழுவ வேண்டும். மணிக்கட்டில் இறுக்கிப் பொத்தான் வைத்த கையை ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியிருக்கும். இலாஸ்டிக் வைத்த கை மேலே ஏறினாலும் கையை நெரித்து, வெயிலில் தடிப்பை உண்டாக்கும். கைவாய் 12 இஞ்சிச் சுற்றில் இருந்தால் இரண்டு மடிப்பில் முழங்கைக்கு மேல் ஏறி நிற்கும், இறக்கிவிட்டால் மணிக்கட்டை மூடும். தேங்காய் திருவும்போதும் மீன் வெட்டும்போதும் இதே வசதி உதவும். கடையில் வாங்கும் ஆயத்த ஆடைகளில் இந்த அளவு அபூர்வம். அவை வேறு ஊர்களின் நாளை மனத்தில் வைத்து வெட்டப்பட்டவை.

கழுத்து வெட்டும்போது பொறுமை வேண்டும். அகலம் 6 இஞ்சி, முன் ஆழம் 4, பின் ஆழம் 1 என்று தொடங்கினால் பிழை வராது. வெட்டியதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. வளர்ந்தவரின் தலைச்சுற்று 22 இஞ்சி அளவில் இருக்கும். இந்தக் கழுத்து அதற்குப் போதாது. ஆகவே முன் நடுவில் 5 இஞ்சிக்கு ஒரு பிளவு விட்டு, மேலே ஒரு பொத்தானோ துணிக்கயிறோ வைக்கலாம். பால் கொடுக்கும் தாய்க்கு அந்தப் பிளவு 9 இஞ்சிவரை நீளலாம். ஓரத்தைக் கட்ட, எடுத்துவைத்த 20 இஞ்சிச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்ட வேண்டும். பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே, 45 பாகையில் வெட்டிய பட்டைதான் இழுபட்டு வளைவில் படியும். நேராக வெட்டியது சுருங்கித் தூக்கி நிற்கும். அந்தச் சதுரத்தின் நடுக்கோட்டில் எடுத்த ஒரு பட்டை 28 இஞ்சி நீளம் வரும். வட்டக் கழுத்தை ஒட்டில்லாமல் சுற்றிவிட அது போதும்.

தைக்கும் வரிசை எளியது. உடல் விரிந்து கிடக்கும்போதே கழுத்தை முடித்துவிட வேண்டும். மூட்டியபின் கழுத்தில் கைவைப்பது சிரமம். பிறகு தோள் மடிப்பின் நடுவும் கைத்துண்டின் நடுவும் சேரும்படி வைத்து, பெரிய இழைகளாக நூலோட்டி, மெசினில் கைகளைப் பொருத்த வேண்டும். அடுத்துக் கமக்கட்டுச் சதுரங்கள், பின் கைவாயிலிருந்து இடுப்புவரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். அதற்குக் கீழே 9 அல்லது 10 இஞ்சி தைக்காமல் திறந்து விட வேண்டும். உட்கார்ந்து எழவும் காற்று கீழிருந்து ஏறவும் அந்தத் திறப்பு தேவை. அதைக் காற்சட்டையோ பாவாடையோ மறைத்துக்கொள்ளும்.

பக்கத் தையலுக்குப் பிரெஞ்சுத் தையல் உகந்தது. துணியின் உட்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துக் கால் இஞ்சியில் ஒரு தையல், ஓரத்தை நறுக்கி, திருப்பிப் போட்டு மேலும் ஒரு தையல். நூல் பிரியும் ஓரம் உள்ளே அடைபட்டுப் போகும். இடைவெளிவிட்டு நெய்த கைத்தறித் துணி பிரியும் சுபாவம் கொண்டது. வியர்த்த தோலில் பிரிந்த ஓரம் உரசினால் அரிப்பும் உண்டாகும். ஓவர்லொக் மெசின் இல்லாத வீட்டுக்கு இது பெரிய துணை. கமக்கட்டுச் சதுரத்தின் மூலைகளில் மட்டும் இந்தத் தையல் திரும்ப மறுக்கும். அங்கே சாதாரண மூட்டுப் போட்டு, ஓரத்தைக் கையால் சுற்றித் தைப்பதே ஒழுங்காக இருக்கும். மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர் ஊசியும் இஞ்சிக்குப் பத்துப் பன்னிரண்டு தையலும் போதும். நெருக்கித் தைத்தால் துணி சுருக்கம் விழும், பிரிக்க நேர்ந்தால் கிழியும்.

வெளியே போகும்போது இந்தச் சட்டைக்கு மேல் அபாயா வரும். 1980களுக்குப் பிறகு, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்வந்தவர்களோடும் சமய இயக்கங்களோடும் இந்த ஊர்களில் பரவிய உடை அது. கறுப்பு உடை வெயிலில் வேகும் என்பது பொதுவான எண்ணம். 1980இல் நேச்சர் இதழில் ஷ்கோல்னிக்கும் மூன்று ஆய்வாளர்களும் பதூயின்களின் கறுப்பு அங்கியைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இந்த எண்ணத்தைச் சோதித்தது. கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சினாலும், தோலைச் சென்றடைந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. கூடுதல் வெப்பத்தைத் தளர்ந்த அங்கிக்குள் உலவிய காற்று கொண்டுபோய்விட்டது. அந்த ஆய்வு நடந்தது காய்ந்த பாலைவனத்தில். கல்முனையின் ஈரமான பிற்பகலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நிறத்தைவிடக் காற்றிடைவெளியே முக்கியம் என்ற பாடம் இங்கும் செல்லும். இறுகிய உட்சட்டையும் பொலியெஸ்டர் அபாயாவும் சேர்ந்தால் அந்த இடைவெளி மூடிப்போகும். உள்ளே மெல்லிய, தளர்ந்த பருத்திச் சட்டை இருந்தால் அபாயாவின் சுமை பாதியாகும்.

இந்த ஊர்களில் தையலறிவு வீட்டுக்குள்ளேயே தங்கியதற்குச் சமூக அமைப்பும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் குடி தாய்வழியில் தொடர்கிறது. வீடு சீதனமாக மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் ஆய்ந்து 2008இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகக் காட்டுகிறது. அதன் விளைவாக உம்மா, மூத்தம்மா, ராத்தா, தங்கச்சிமார் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கிறார்கள். மணமாகித் தொலைவூர் போகும் பெண் அளவுச் சட்டையையும் தையற்பழக்கத்தையும் தன்னோடு கொண்டுபோய்விடுவாள். இங்கே அவை வளவை விட்டுப் போவதில்லை. ஒரு மெசின் இரண்டு மூன்று வீடுகளுக்கு ஓடலாம். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். காலால் மிதிக்கும் அதன் கறுப்பு மெசின்கள் தலைமுறை தாண்டியும் பழுதின்றி ஓடக்கூடியவை. 2022 மார்ச் இறுதியில் நாடு ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்சாரமின்றி இருந்தபோது, அவற்றுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

வீட்டுத் தையலுக்கு ஆண்டில் இரண்டு பருவங்கள் உண்டு. ஒன்று நோன்புப் பெருநாளுக்கு முன்னால். தையற்கடைகள் நோன்பின் பாதியிலேயே ஓடர் எடுப்பதை நிறுத்திவிடும்போது வேலை வீட்டு மெசினுக்கு வந்து சேரும். மற்றது பாடசாலை தொடங்கும் காலம். 1993 முதல் அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வந்திருக்கிறது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். வெள்ளைத் துணியில் மகளின் நீள மேற்சட்டையைத் தைத்த ஒருவருக்கு இங்கே விளக்கிய சட்டை புதிதல்ல. அளவெடுப்பதும் மூட்டுவதும் அவருக்குப் பழகியவை. அவர் மாற்ற வேண்டியது துணியை மட்டுமே. அதற்கு நெசவுசாலைகளும் ஒரு அடி முன்வர வேண்டும். மூட்டிய சாறனும் முந்தானை போட்ட சேலையும் தவிர, சிறு கட்டமும் மெல்லிய கோடும் இட்ட சட்டைத் துணியை மீற்றர் கணக்கில் வெட்டிக் கொடுத்தால், பெருநாள் காலத்தில் அதை வாங்கக்கூடியவர்கள் அடுத்த தெருவிலேயே இருக்கிறார்கள். பெரிய கட்டம் போட்ட ஆண்களின் சாறனைச் சட்டையாக்கப் பல பெண்கள் தயங்குவது நியாயமே. அந்தத் தயக்கத்தைத் தறியில்தான் தீர்க்க முடியும்.

கைத்தறிச் சட்டையைப் பராமரிப்பதில் சாயம்தான் முதற் கவலை. தைக்கும் முன்பே துணியின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் சாயம் இறங்குமா என்று தெரிந்துவிடும். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை பரவலானது. உப்பு சாயத்தொட்டியில் சாயம் நூலுக்குள் போக உதவும். நெய்து முடித்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை அது பிடித்துவைக்காது. அத்தகைய துணியை நீர் தெளியும்வரை பலமுறை தனியாக அலசுவதே வழி. பிறகு உள்வெளியாகத் திருப்பி நிழலில் காயப்போட வேண்டும். கச்சான் நாளில் அரை மணிநேரத்தில் உலர்ந்துவிடும்.

நாலைந்து வெயில்காலம் கடந்த சட்டையில் தோளும் கமக்கட்டும் நைந்திருக்கும், கீழ்ப்பாதி உறுதியாகவே இருக்கும். முன்னும் பின்னும் கீழிருந்து 18 இஞ்சி வீதம் எடுத்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு சட்டை தேறும். பலமுறை கழுவி மென்மையான பருத்தி, வேர்க்குரு போட்ட பிள்ளையின் உடம்புக்குப் புதுத் துணியைவிட நல்லது. கைத்துண்டுகளில் கைக்குழந்தைக்கு ஏணைச் சட்டை ஒன்றும், எஞ்சியதில் அடுப்படிப் பிடிதுணி இரண்டும் வரும்.